செயலியை அழித்த பிறகும் பணம் போகிறதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: விவாகரத்தாகிச் சில வருடங்கள் தனியாக இருந்துவிட்டு, தோழி சொன்னாளே என்று ஒரு டேட்டிங் செயலியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். எனக்கு ஒத்துவரவில்லை. கணக்கை டெலிட் செய்து, செயலியையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் கிரெடிட் கார்டில் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாமென்றால் அப்படியொரு கணக்கே இல்லை என்கிறது. மெயில் போட்டால் தானியங்கிப் பதில் மட்டும் வருகிறது. வங்கியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கார்டை மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் பணம் இத்தனை மாதம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். துணை தேடியது தப்பில்லை. வங்கியில் உங்களிடம் கேட்கப்போவது யார் எடுத்தார்கள், எந்தத் தேதியில், எவ்வளவு, நீங்கள் எப்போது ரத்து செய்தீர்கள் என்பதைத்தான். “இணையச் சந்தா, நிறுத்திவிட்டேன், இன்னும் எடுக்கிறார்கள்” என்று சொன்னால் போதும். டேட்டிங் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவேண்டியதில்லை.

சரி, ஏன் நிற்கவில்லை? உங்கள் ப்ரொஃபைல் இருப்பது ஓர் இடம், பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி இருப்பது வேறோர் இடம். முதலாவதை நீங்கள் அழித்துவிட்டீர்கள், இரண்டாவது அப்படியே உயிரோடு இருக்கிறது. அதனால் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பணம் போன வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் அல்லது கூகுள் என்று இருந்தால் சந்தா அவர்கள் வழியாகப் போகிறது, இது கொஞ்சம் சுலபம். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போங்கள். செயலி போனில் இல்லாவிட்டாலும் சந்தா அங்கே தெரியும். தெரியவில்லையென்றால் நீங்கள் அன்றைக்குச் சேர்ந்தது வேறு மெயில் ஐடியிலா, பழைய போனில் இருந்த கணக்கிலா என்று யோசியுங்கள், பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரத்து செய்யும்போது கடைசிப் பக்கம் வரை போகவேண்டும். நடுவில் “ஏன் போகிறீர்கள்” என்று ஒரு கேள்விப்பட்டியல் வரும், அப்புறம் பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு சலுகை வரும், இரண்டுக்கும் நடுவே “தற்காலிகமாக நிறுத்து” என்று இன்னொரு பட்டனும் இருக்கலாம், அதைத் தொட்டால் சில வாரம் கழித்துப் பணம் மறுபடியும் போக ஆரம்பிக்கும். ப்ரொஃபைலை மறைத்து வைப்பதும் ரத்து ஆகாது. முடிந்துவிட்டதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: சந்தாவுக்குக் கீழே “இந்தத் தேதியில் புதுப்பிக்கப்படும்” என்று இருந்த வரி, “இந்தத் தேதியில் முடியும்” என்று மாறியிருக்கவேண்டும். மாறியதும் தேதி தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் படம்தான்.

ஸ்டேட்மென்ட்டில் ஆப்பிளும் இல்லை, கூகுளும் இல்லை, கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் என்றால், கார்டு எண்ணை நேரடியாக அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்திருக்கிறீர்கள். (இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஸ்டேட்மென்ட்டில் செயலியின் பெயரைப் போடாமல் தாய் நிறுவனத்தின் பெயரைப் போடுவது வழக்கம், பயந்துவிடாதீர்கள்.) அப்போது அவர்களுக்கே எழுதவேண்டும். சேர்ந்தபோது கொடுத்த அதே மெயிலிலிருந்து, கார்டின் கடைசி நான்கு எண், பணம் போன தேதிகள், தொகை எல்லாம் போட்டு, “சந்தாவை இன்றோடு ரத்து செய்யுங்கள், இனிமேல் என் கார்டில் பணம் எடுக்க அனுமதி இல்லை” என்று இரண்டே வரியில் எழுதுங்கள். முழுக் கார்டு எண்ணைப் போடவேண்டாம். கதை சொல்லாதீர்கள், கெஞ்சாதீர்கள்.

அதற்குப் பிறகும் எடுத்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், அதாவது இந்தப் பணத்தை எடுத்ததை நான் ஏற்கவில்லை என்று புகார் கொடுங்கள். ரத்து செய்த சந்தாவுக்குத் தொடர்ந்து பணம் எடுப்பது கார்டு நிறுவனங்களின் விதிகளிலேயே தனி வகைப் புகார், இதற்கென்று ஒரு படிவமே இருக்கும். காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 120 நாள், உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆப்பிள், கூகுள் வழியாகப் போன பணத்துக்கு முதலில் அவர்களிடமே ரீஃபண்ட் கேளுங்கள். கூகுளில் பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் நேரடியாக அவர்களிடமே கேட்கலாம், தாண்டிவிட்டால் பெரும்பாலும் செயலிக்காரரிடம் போகச் சொல்வார்கள். பழைய மாதங்களின் பணம் முழுவதும் திரும்ப வரும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கை அழித்தீர்களே தவிர, சந்தாவை முறைப்படி ரத்து செய்யவில்லை என்று அவர்கள் வாதாடுவார்கள். ஆனாலும் கேளுங்கள்.

கார்டை மாற்றினால் மட்டும் போதாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் புதுக் கார்டு எண்ணைத் தொடர் சந்தா வசூலிக்கும் நிறுவனங்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் வசதி இருக்கிறது. நல்ல நோக்கத்தில் வந்த வசதிதான், கார்டு காலாவதியானால் மின்கட்டணமும் காப்பீடும் நின்றுவிடக் கூடாதே என்று. ஆனால் நீங்கள் விலகி ஓடும் சந்தாவும் அதே வழியில் உங்கள் பின்னால் வந்துவிடும். அதனால் புதுக் கார்டு கேட்கும்போதே, இந்த நிறுவனத்தின் தொடர் அனுமதியை நிறுத்துங்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இது உங்கள் அசட்டுத்தனத்தால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் டேட்டிங் செயலிகளை நடத்தும் மேட்ச் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, ரத்து செய்யும் வழி குழப்பமாக இருக்கிறது என்பதும், வங்கியில் புகார் செய்தவர்களைக் கணக்குக்குள் நுழையவிடாமல் பூட்டினார்கள் என்பதும் குற்றச்சாட்டில் இருந்தன. 2025-இல் அந்த நிறுவனம் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல் இணையச் சந்தாக்களுக்கு ரத்து பட்டன் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம். இந்தியாவும் 2023-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலில் இந்தச் சந்தாப் பொறியைத் தனியாகப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. இத்தனை நாடுகள் சட்டம் போடும் அளவுக்குப் பலரும் மாட்டியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வங்கிக்கு அந்தப் போனைச் செய்யுங்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்கிறார்கள், ஆனால் கார்டு எண் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் ஏழாவது நாளை நம்பாதீர்கள். ஆப்பிளில் சோதனைக்காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்கவேண்டும், கடைசி நாள் ராத்திரி ஞாபகம் வந்து பயனில்லை. அலாரம் ஆறாவது நாளுக்கு முன்பே அடிக்கட்டும். கார்டு எண்ணை நேரடியாகக் கொடுப்பதைவிட ஸ்டோர் வழியாகச் சேருவது என் கணக்கில் நல்லது, வெளியே வரும் கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இன்னொன்று, “மாதத்துக்கு இவ்வளவுதான்” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல இடங்களில் ஆறு மாதத் திட்டத்தை ஆறால் வகுத்த தொகை. பணம் மொத்தமாகப் போகும், புதுப்பித்தாலும் மறுபடி ஆறு மாதத்துக்குத்தான். பட்டனை அழுத்துமுன் அதற்குக் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கேள்வி: ரீஃபண்டுக்காக அந்தச் செயலியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுத்துப் பேசினேன். திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றச் சொல்கிறார் ஒருவர். ஏற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரே அல்ல என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இப்படிப் பணம் இழந்தவர்கள் தேடும் சொற்களுக்கு போலி எண்களைப் போட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. பணத்தைத் திருப்பித் தர உங்கள் திரையோ ஓடிபியோ யாருக்கும் தேவையில்லை. ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள், இன்னொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள், கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு. மெயில், வங்கி இரண்டின் கடவுச்சொல்லையும் அந்த இன்னொரு போனிலேயே மாற்றுங்கள்.