ஓவியருக்கு நூலகம் எதற்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர் கோவில்பட்டி. என் தாத்தா சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்தவர். அவர் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் பென்சில் ஸ்கெட்சுகள், அச்சகத்துக்காரர்களின் கடிதங்கள், பத்திரிகைகளிலிருந்து வெட்டிய ஏராளமான படங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிப்பதால் பெட்டியைக் காலிசெய்யச் சொல்கிறார் அப்பா. ஸ்கெட்சுகளை மட்டும் போனில் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, மற்றதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா? நானும் வரைகிறவன். எனக்கு வேண்டியதெல்லாம் பின்டரெஸ்ட் என்ற இணையப் படத் தளத்திலேயே கிடைக்கிறது. ஓவியருக்கு நூலகமும் ஆவணக் காப்பகமும் நிஜமாகவே எதற்கு? (என் பெயரைப் போடாதீர்கள். அப்பா படிப்பார்.)

அன்புள்ள தம்பிக்கு,

அந்த வெட்டிய படங்களைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்கெட்சுகளை எப்படியும் யாராவது காப்பாற்றுவார்கள், பார்த்தாலே ஓவியம் என்று தெரியுமே. கத்தரித்த துண்டுகள்தான் முதலில் போகும். உங்கள் தாத்தாவின் முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலையும் அருவியும் எந்த ஊர்ப் படத்திலிருந்து வந்தன என்பதற்கு அந்தத் துண்டுகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

நியூயார்க் பொது நூலகத்தில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். 1915இல் அங்கே படங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். நாடகம், சினிமா, விளம்பரம் என்று ஒவ்வொரு துறைக்காரரும் வந்து படம் கேட்டார்கள். ரோமானியச் சிப்பாயின் செருப்பு எப்படியிருக்கும் என்று கேட்பவருக்குப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வெட்டி, அட்டையில் ஒட்டி, பொருள்வாரியாக உறையிலிட்டு, வீட்டுக்கே இரவல் கொடுத்தார்கள். 1929 முதல் 1968 வரை அதை நடத்தியவர் ரொமானா ஜாவிட்ஸ் என்ற பெண்மணி. டியேகோ ரிவேரா, ஜோசப் கார்னெல், ஆண்டி வார்ஹால் போன்ற பேர்போன கலைஞர்கள் எல்லோரும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தியவர்கள். வார்ஹால் எடுத்துப்போன படங்கள் பல திரும்பி வரவேயில்லை. நம்மூர் நூலகராக இருந்திருந்தால் உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவைத்திருப்பார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து நடந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பொருட்களின் படம் வேண்டும் என்று ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் கேட்டபோது, கொடுப்பதற்குப் போதுமான படங்கள் இல்லை. அமெரிக்கப் பொருளாதாரமே படுத்துவிட்ட 1930களின் பெருமந்தக் காலம். ஊரெங்கும் வேலையில்லாத ஓவியர்கள். அவர்களையே வைத்து அந்தப் பொருட்களை வரையச் சொன்னால் என்ன என்று ஜாவிட்ஸும் ரூத் ரீவ்ஸ் என்ற துணி வடிவமைப்பாளரும் யோசித்தார்கள். 1935இல் அது அரசுத் திட்டமானது. பழைய மெத்தை விரிப்பு, மரப் பொம்மை, மண் ஜாடி, கூரைமேல் சுழலும் காற்றுத்திசைகாட்டி என்று நாடு முழுக்க ஓவியர்கள் சம்பளத்துக்கு நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். ஏறத்தாழ 18,000 படங்கள். இன்று அவை வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன. நூலகத்தில் இல்லாத படம் அத்தனை பேருக்குப் பிழைப்பாக மாறியது.

பின்டரெஸ்டை நான் பழிக்கவில்லை. ஆனால் அங்கே வரும் படத்தில் வரைந்தவர் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் அப்படித்தான். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தூரிகைத் தடத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எந்தப் பொருளில் வரைந்தது, எத்தனை சென்டிமீட்டர் என்பதும் கூடவே இருக்கும். உங்கள் தாத்தாவுக்கு உள்ளங்கையளவு அச்சுப்படம் கிடைத்திருந்தாலே அதிகம்.

அதற்காக உறைகளை மூடிவிட வேண்டியதில்லை. 2021இல் நியூயார்க் படப் பிரிவில் வாசகர்களே உறைகளைப் புரட்டித் தேடுவதை நிறுத்தப்போகிறோம் என்றபோது ஓவியர்கள் சண்டைக்கு வந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நான் ஓவியர்கள் பக்கம்தான். தேடுபொறியில் நாம் கேட்டது வரும். உறையைக் கொட்டினால் கேட்கத் தெரியாததும் சேர்ந்து விழும்.

நம்மூருக்கு வருகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தது. இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கிருந்து வளர்ந்ததுதான். தரமணிப் பக்கம் போனால் உங்கள் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் பெட்டி. எதையும் பிரித்து அடுக்காதீர்கள். எந்தக் கடிதம் எந்த ஸ்கெட்சோடு இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். கடிதத்தில் கூலி இருக்கும், “லட்சுமி முகம் இன்னும் கொஞ்சம் சிவப்பாக” என்பது போன்ற உத்தரவும் இருக்கலாம். ரப்பர் பேண்டையும் குண்டூசியையும் எடுத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். குறிப்பு எழுதுவதென்றால் பின்பக்க ஓரத்தில் மெதுவாகப் பென்சிலால். போன் படம் பட்டியல் போடப் போதும். காப்பகத்துக்கென்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக. பாட்டி இருந்தால் ஒவ்வொரு படமாகக் காட்டி, யாருக்காக வரைந்தது, யாரைப் பார்த்து வரைந்தது என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போடுமுன் ஒரு விஷயம். நம் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு அச்சகத்துக்காக வரைந்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அச்சகத்துக்கே போயிருக்கலாம். அதற்காகவும் அந்தக் கடிதங்கள் வேண்டும்.

காப்பகத்துக்குக் கொடுப்பதென்றால் மூலப் படங்களைக் கைவிட்டுவிட வேண்டியதுமில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய போட்டோக்களை டிஜிட்டலாக்கியது. அதற்குப் பணம் தந்த பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் விதிப்படி மூலங்கள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், பெட்டி திரும்பி வருமா, படங்களை யார் பார்க்கலாம், தாத்தா பெயர் எப்படிப் போடப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், எங்கே கேட்கலாம் என்று பார்ப்போம். வெள்ளையடிக்கும்வரை பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்க அப்பா சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா