வாசகர் கேள்வி: குளிருக்குத் தைத்த அளவில் கோடைக்கு ஒரு டாப்

கேள்வி: எனக்கு நன்கு பொருந்தும் சுடிதார் டாப்பின் காகித அளவை வைத்தே பல ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். சித்திரை மாதம் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் தங்கவிருக்கிறேன். அதே அளவை மாற்றிக் கையில்லாத டாப் தைக்கலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாகத் தைக்கலாம், ஆனால் கையை மட்டும் விட்டுவிட்டு வெட்டினால் போதாது. குன்னூர்க் குளிருக்கு உள்ளே பனியன் அணிய இடம்விட்டு வரைந்த அளவாக இருந்தால், கை இல்லாதபோது அக்குள் பக்கம் அகன்று உள்ளாடை தெரியும். ஆகவே மூலக் காகிதத்தைத் தொடாமல் வேறொரு தாளில் படியெடுத்து, அக்குள் வளைவின் அடிப்பகுதியை அரை அங்குலம் உயர்த்தி, தோள் நுனியை அரை அங்குலம் குறைத்து, பக்கத் தையலைக் கால் அங்குலம் உள்ளே தள்ளி வரையுங்கள்.

காற்றோட்டத்துக்கு, முன்பக்கத் தாளைத் துணியின் மடிப்பிலிருந்து 2 அங்குலம் தள்ளி வைத்து வெட்டினால், விரித்ததும் 4 அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். அதைக் கழுத்தில் சுருக்கி, பழைய கழுத்தளவுக்கே வெட்டிய கிராஸ் பட்டியில் (துணியின் மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய பட்டை) பிடித்துத் தையுங்கள். அக்குள் வளைவுக்கும் கிராஸ் பட்டியே ஏற்றது, நேர்ப்பட்டி வளைவில் மடங்கி நிற்கும்.

மல் எனும் மெல்லிய பருத்தித் துணி போதும். தைத்தபின் சுருங்காமல் இருக்க, வெட்டுமுன் ஓர் இரவு நீரில் ஊறவையுங்கள்; குன்னூர் மூடுபனியில் உலரத் தாமதமானாலும் இதை மட்டும் தவிர்க்காதீர்கள். முதலில் பழைய வேட்டியில் ஒன்று தைத்து, கையைத் தூக்கிப் பாருங்கள்.