சாக்கில் சிவக்கும் கொழுந்து, தொட்டியில் புளிக்கும் காப்பி: சில கேள்விகள்

தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு இப்போது மலையில் காப்பி பார்க்கிறேன். இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கோத்தகிரி: அண்ணா, நல்ல கொழுந்துதான் கொடுக்கிறேன். இலை சூடாகிவிட்டது என்று தொழிற்சாலையில் எடையைக் கழிக்கிறார்கள். ஏமாற்றா?

கழித்த அளவு நியாயமா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது தம்பி. ஆனால் இலை சூடாவது நிஜம். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது, அதில் வெப்பம் உண்டாகிறது. சாக்கில் மிதித்து அடைத்தால் நடுவில் உள்ள இலை கசங்கிச் சிவந்துவிடும். சிவந்த இலையை எந்த மெஷினும் மீட்காது. வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள், நிழலில் வையுங்கள். வண்டி வரத் தாமதமானால் கொட்டிப் பரப்பிவிடுங்கள். இன்னொன்று: இடைவெளி விட்டுவிட்டு ஒரேயடியாகக் கத்தரியால் வெட்டினால் முற்றிய இலைதான் அதிகம் வரும். எடை கூடும், தரம் போகும். சுமார் நாலரை கிலோ பச்சை இலையில்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. அதில் நார் எவ்வளவு என்பது உங்கள் கையில் இருக்கிறது.

திருச்சி: சிடிசி டீத்தூளுக்கும் ஆர்த்தடாக்ஸ் டீத்தூளுக்கும் என்ன வித்தியாசம்?

பறித்த இலையை வாட்டுவதிலேயே பிரிந்துவிடும். சிடிசிக்கு இலையில் ஏறக்குறைய 70 சதவீத ஈரம் நிற்கலாம். ஆர்த்தடாக்ஸுக்கு 60க்கும் கீழே இறக்குவார்கள். பிறகு ஆர்த்தடாக்ஸ் இலையை உருட்டி முறுக்குவார்கள். சிடிசியில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். 1930களில் அசாமில் வந்த மெஷின் இது. சாறு முழுக்க வெளியே வருவதால் நிறமும் கடுப்பும் சீக்கிரம் இறங்கும். பால் ஊற்றினாலும் தாங்கும். டீக்கடை அதில்தான் ஓடுகிறது. ஆனால் டிசம்பர், ஜனவரி பனியில் நீலகிரிக் கொழுந்தில் ஏறும் வாசனையை சிடிசியில் போட்டு அரைப்பது எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

தாண்டிக்குடி: அரபிகா காப்பிச் செடிகள் மஞ்சளாகி வாடுகின்றன. தண்டில் வளையமாக மேடு தெரிகிறது. போன வருடம் நிழல் மரங்களை நன்றாகக் கழித்துவிட்டேன்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வெயில் படும் தண்டைத்தான் தேடி வந்து பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது. வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் பறக்கும். அதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், மேடு தட்டிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். பாவம் பார்த்து ஒன்றை விட்டால் பக்கத்துச் செடிகள் போகும். மீதிச் செடிகளில் தண்டின் சொரசொரப்பான பட்டையைத் தேய்த்து எடுங்கள், 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் அடிக்கலாம். நிழலைத் திரும்ப வளர்க்காமல் இதெல்லாம் வருடா வருடச் செலவுதான்.

குடகு: காப்பிப் பழத்தை மறுநாள் பல்பரில் (தோல் உரிக்கும் மெஷினில்) போடலாமா? சாயங்காலம் ஆள் நிற்பதில்லை.

வேண்டாம். பறித்த அன்றே தோல் உரித்துவிடுங்கள். குவியலில் கிடந்த பழம் புளித்துவிடும். அந்த வாடை கடைசிவரை போகாது. உரித்த கொட்டையின் வழுவழுப்பு போவதற்காகப் புளிக்கவிட்டுத் தொட்டியில் போட்ட பிறகு மணி பார்க்காதீர்கள், குளிர் நாளில் நேரம் கூடும். ஒரு பிடி எடுத்துக் கழுவித் தேயுங்கள். வழுவழுப்பு போய்க் கூழாங்கல் மாதிரி கரகரத்தால் உடனே கழுவ வேண்டும். ஆள் இல்லை என்றால் அன்றைக்குப் பறிப்பைக் குறைப்பதே மேல்.

சென்னை: சார், பீபெர்ரிக்கு ஏன் அதிக விலை?

பழத்தில் வழக்கமாக இரண்டு விதை. ஒன்று வளராமல் போனால் மற்றது உருண்டையாகிவிடும், அதுதான் பீபெர்ரி. தனியாகச் சலித்து எடுக்கிறார்கள், உருண்டு உருண்டு சீராக வறுபடும். அதற்குமேல் அதில் தனி ருசி இருப்பதாக நான் நம்புவதில்லை. காசு கொடுப்பதற்கு முன் பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று பாருங்கள். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.