ஓடும்போது ஏன் கொட்டாவி வருவதில்லை?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. போன வாரம் இரவு கதை சொல்லிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கொட்டாவி விட்டேன். உடனே அவளும் விட்டாள். "ஏம்மா கொட்டாவி வருது?" என்று கேட்டாள். உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ஓடி விளையாடும்போது அவ்வளவு மூச்சு வாங்குதே, அப்போ ஏன் வரலை?" என்று மடக்கிவிட்டாள். இன்னொரு விஷயம்: வகுப்பில் கொட்டாவி விட்டதற்காக அவளை நிற்க வைத்திருக்கிறார்கள். கவனமே இல்லையாம். இரண்டுக்கும் என்ன பதில் சொல்வது?

பதில்: மகளிடம் மாட்டிக்கொண்டதற்கு வருத்தப்படாதீர்கள். அந்த ஆக்சிஜன் பதிலை நானும் பல வருடம் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். உங்கள் மகள் கேட்டதைத்தான் ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987-இல் சோதனையாகவே செய்து பார்த்தார். கல்லூரி மாணவர்களைச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார். அப்புறம் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகக் கலந்த காற்றைக் கொடுத்தார். அந்தக் காற்றில் மூச்சு வேகமானது. கொட்டாவி மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடற்பயிற்சி செய்யச் சொன்னபோதும் அதே கதைதான்.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையும் கொட்டாவி விடுகிறது. ஸ்கேனில் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். நீருக்குள் மிதக்கும் குழந்தை வாயைத் திறந்தால் உள்ளே போக அங்கே காற்று ஏது?

சரி, இனி வருவதை அவளிடமே படித்துக் காட்டுங்கள்.

பாப்பா, நல்ல கேள்வி கேட்டாய். முதலில் ஒரு விளையாட்டு. அடுத்த முறை கொட்டாவி வரும்போது மூக்கைப் பிடித்துக்கொள். கொட்டாவி பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும். அதற்கடுத்த முறை மூக்கை விட்டுவிட்டு, பல்லை இறுகக் கடித்துக்கொள். வந்தும் வராத மாதிரி, தும்மல் பாதியில் நின்றுபோனது போல எரிச்சலாக இருக்கும். காற்று இழுப்பது மட்டும்தான் வேலை என்றால் மூக்கு வழியாக இழுத்தாலே போதுமே! தாடை நன்றாகத் திறந்து தசைகள் நீண்டால்தான் அதற்குத் திருப்தி.

ஒரு கொட்டாவிக்குச் சுமார் ஆறு விநாடி ஆகும். அதற்குள் நிறைய நடக்கிறது. நீண்ட மூச்சு உள்ளே போகிறது, தொண்டை விரிகிறது, முகத்துத் தசைகள் இறுகிக் கண்ணீர்ச் சுரப்பியைப் பிழிகின்றன. அதனால்தான் அழாமலேயே கண்ணில் நீர் வருகிறது. காதுக்குள் இருக்கும் ஒரு குட்டித் தசையும் இறுகுவதால், அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போலக் கேட்கும். (இதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கலாம். ஆறு விநாடிக்கு மட்டும்.)

சரி, எதற்காக இவ்வளவும்? பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ், உடம்பிலுள்ள கெட்ட காற்றை வெளியேற்றத்தான் என்று நினைத்தார். நம் 'கொட்டாவி'க்குள்ளும் ஒரு 'ஆவி' இருக்கிறது, பார்த்தாயா? இப்போது விஞ்ஞானிகள் சிலர் சொல்வது வேறு: கொட்டாவி மூளையைக் குளிர வைக்கிறது. பெரியவர்களின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேலை செய்தால் சூடாகாதா? தாடை விரியும்போது தலைக்கு ரத்தம் வேகமாகப் பாய்கிறது, கூடவே வெளிக்காற்றும் உள்ளே போகிறது; இரண்டும் சேர்ந்து சூட்டைத் தணிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

இதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 2007-இல் ஆண்ட்ரூ கேலப் என்ற ஆய்வாளரும் அவருடைய அப்பாவும் சிலருக்குக் கொட்டாவி வீடியோக்களைக் காட்டினார்கள். சாதாரணமாகப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அளவுக்குக் கொட்டாவி விட்டார்கள். நெற்றியில் குளிர்ந்த பையை வைத்துக்கொண்டவர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டவர்களுக்கு வரவே இல்லை.

2021-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலூட்டிகளும் பறவைகளுமாக 101 இனங்களின் 1,291 கொட்டாவிகளை, எத்தனை விநாடி என்று அளந்திருக்கிறார்கள். மிருகம் எப்போது வாயைத் திறக்கும் என்று காத்திருப்பதும் ஒரு உத்தியோகம்! பொதுவாக, பெரிய மூளை என்றால் நீளமான கொட்டாவி என்று தெரிந்தது. சுண்டெலிக்கு இரண்டு விநாடிகூட ஆகாது.

இந்த விளக்கத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. உடம்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் நேரத்தில் கொட்டாவி நம்மை உசுப்பிவிடுகிறது என்கிறார்கள் வேறு சிலர். தூங்கப் போகும்போதும் வருகிறது, எழுந்ததும் வருகிறது. அப்போலோ ஓனோ என்ற பனிச்சறுக்கு ஓட்ட வீரர் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கும் முன் பெரிது பெரிதாகக் கொட்டாவி விடுவார். எட்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவரைச் சோம்பேறி என்று யார் சொல்வார்கள்?

அம்மாவிடமிருந்து உனக்குத் தொற்றியது எப்படி? கூட்டமாக வாழும் உயிர்கள் ஒன்றையொன்று கவனித்து ஒத்துப்போவதன் அடையாளமாக இருக்கலாம். வயிற்றுக்குள்ளேயே கொட்டாவி விடத் தெரிந்த குழந்தைக்கு, மற்றவர்களுடையது தொற்றத் தொடங்குவது பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல்தான். அந்நியர்களைவிட நண்பர்களிடமிருந்தும், நண்பர்களைவிட வீட்டாரிடமிருந்தும் அதிகமாகத் தொற்றுகிறது என்று 2011-இல் இத்தாலி ஆய்வாளர்கள் கண்டார்கள். நாய்க்கும் நம்மிடமிருந்து தொற்றும். 2008-இல் நடந்த ஒரு சோதனையில் 29 நாய்களில் 21 அப்படிச் செய்தன. கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே போதும், வந்துவிடும். இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கு நான்கு.

இனி உங்களுக்கு, அம்மா. கொட்டாவி அவமரியாதை அல்ல என்பதை ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், வேண்டுமானால் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள். அதே சமயம் தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் தேவை. நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் கொட்டாவியும் அசதியுமாக இருந்தாலோ, இரவில் அடிக்கடி குறட்டை விட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பில் கொட்டாவி வரும்போல இருந்தால் வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுப் பார்க்கட்டும்.

பாப்பா, உனக்கு ஒரு வேலை. ஒரு நோட்டு எடுத்துக்கொள். வீட்டில் ஒவ்வொருவர் எதிரிலும் போய் ஒரு நல்ல கொட்டாவி விடு. யாருக்குத் தொற்றியது, எத்தனை விநாடியில் தொற்றியது என்று எழுது. சோதனை என்று முன்கூட்டியே சொல்லிவிடாதே. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதனிடம் மட்டும் உன் வித்தை பலிக்காது. அதையும் மறக்காமல் எழுதி அனுப்பு.