கலப்பையை விட்டால் பாவமா?

கேள்வி: எங்கள் சபையில் ஒன்பது வருடமாக வாலிபர் கூட்டத்தை நடத்தி வருகிறேன். ஒரு காலத்தில் முப்பது பேர் வந்தார்கள். இப்போது நாலு பேர் வந்தாலே பெரிது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அழுகைதான் வருகிறது. விட்டுவிடலாம் என்றால், கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்ற வசனம் குத்துகிறது. தொடரட்டுமா, விடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரி,

அந்த வசனம் லூக்கா 9-ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. உம்மைப் பின்பற்றுவேன், முதலில் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்ற ஒருவரிடம் இயேசு சொன்னது. தம்மைப் பின்பற்றுவதைப் பற்றித்தான் அவர் பேசுகிறார், சபையில் ஒரு பொறுப்பிலிருந்து விலகுவதைப் பற்றி அல்ல. வாலிபர் கூட்டத்தை விட்டால் கிறிஸ்துவையே விட்டதாக ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாக்கி ஊழியம் செய்கிறவர்களைப் பயமுறுத்துவது எனக்கு மிகவும் வேதனை தருகிற விஷயம்.

அதற்காக இன்றைக்கே விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். அழுகிற நாளில் முடிவெடுக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி இரண்டு தடவை சாப்பிட வைத்தார். ஓரேப் மலையில் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்களும் போதகரிடம் சொல்லி ஒரு மாதம் ஓய்வு எடுங்கள்.

பிறகு லூக்கா 13-ல் உள்ள அத்திமர உவமையை வாசியுங்கள். அது மனந்திரும்புதலைப் பற்றியதுதான், ஆனாலும் தோட்டக்காரர் சொல்வது உங்களுக்கு உதவும். மூன்று வருஷமாகக் கனியில்லை, வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், கனி கொடுக்காவிட்டால் வெட்டிவிடலாம் என்கிறார் தோட்டக்காரர். சும்மா காத்திருக்கவும் இல்லை, முடிவில்லாமல் இழுக்கவும் இல்லை. செய்யவேண்டிய வேலையையும் சொல்கிறார், ஒரு கெடுவையும் வைக்கிறார்.

உங்களுக்கும் ஒரு வருஷம் கெடு வையுங்கள். வராமல் போனவர்களில் சிலரை நேரில் பாருங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். நேரம் சரியில்லையோ, பேச வாய்ப்பே கிடைக்கவில்லையோ, மனதில் இருக்கும் கேள்வியைக் கேட்கப் பயமோ, அவர்கள்தான் சொல்லவேண்டும். கேட்டதற்கு ஏற்றபடி எதையாவது மாற்றியும் பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் கனி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாலு பேர் தாங்களாகவே வேதத்தைத் திறக்கிறார்களா? ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் போய் நிற்கிறாரா? அப்படியென்றால் அங்கே கனி இருக்கிறது.

வருஷம் முடிந்தும் எதுவும் அசையவில்லை என்றால், குற்ற உணர்ச்சி இல்லாமல் ஒப்படைத்துவிடுங்கள். தாவீது ராஜா தேவனுக்கு ஆலயம் கட்ட விரும்பினார். அந்த விருப்பம் நல்லதுதான் என்று சொன்ன தேவன், கட்டும் வேலையை அவருடைய மகன் சாலொமோனுக்குக் கொடுத்தார். தாவீது மனம் கசந்து ஒதுங்கவில்லை. பொன்னையும் கேதுரு மரங்களையும் சேர்த்துவைத்தார். அதனால், அடுத்து யார் என்பதை இப்போதே யோசியுங்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்கு அடுத்த மாதக் கூட்டத்தை நடத்தக் கொடுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, நடுவில் நீங்கள் எழுந்து பேசவேண்டாம்.