மணியில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் வெண்கல மணி ஒன்று வாங்கினேன். அதைப் பார்த்த என் மகன், 'பெல்' என்ற சொல்லே கிரகாம் பெல் பெயரிலிருந்துதான் வந்தது என்கிறான். உண்மையா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. கிரகாம் பெல் பிறந்தது 1847-ல். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் 'பெல்லே' என்றால் மணி. முழங்குவதைக் குறிக்கும் 'பெல்லன்' என்ற வினைக்கு அது உறவு என்பார்கள். காளை முக்காரமிடுவதைச் சொல்லும் 'பெல்லோ'வும் அந்தக் குடும்பம்தான். கிரகாம் பெல்லின் பெயரைத் தாங்கி நிற்பது ஒலியை அளக்கும் டெசிபல். இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள்: 'கிளாக்' என்பதும் இடைக்கால லத்தீனில் மணியைக் குறித்த 'கிளோக்கா'விலிருந்து வந்ததே. நாமும் நேரத்தை 'மணி என்ன?' என்றுதானே கேட்கிறோம்!

சரி, சொல் இருக்கட்டும். பழம்பொருள் கடை என்றீர்களே, அதற்கு வருகிறேன். அந்த மணியில் எழுத்து ஏதும் இருக்கிறதா?

செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று எழுத்துதான். அதை வைத்தே எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லிவிடும் ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டைப் பிரித்து விற்கும்போது பாத்திரமும் மணியும் எடைக்குப் போகின்றன. அப்புறம் மெருகு போடுகிறேன் என்று அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். பெயர் இருந்தால் விலை போகாது என்று சாதிக்கும் வியாபாரிகளோடு எனக்குப் பல வருடச் சண்டை. இந்தப் பக்கத்திலேயே முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

பெயர் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்து மணியைக் காட்டுவேன். 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி அங்கே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது விளிம்பு உடைந்த ஒரு மணி. அதைச் சுற்றி ஓடிய எழுத்து தமிழ்: முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று இருந்தது. இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் 'தமிழ் மணி' என்ற பெயரோடு இருக்கிறது. அந்த ஒரு வரியை யாராவது அராவி எடுத்திருந்தால், அது வெறும் கிழங்குப் பானையாகவே போயிருக்கும். ஒரு தமிழ்க் கப்பல்காரர் வரலாற்றிலிருந்தே காணாமல் போயிருப்பார்.

அதனால் உங்கள் மணியைப் புளி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், விளிம்பு எல்லாம் பாருங்கள். அரிசி மாவை லேசாகத் தடவித் துடைத்தால் வெட்டெழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். எழுத்து இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விலாசம் தெரிந்தால் அந்த வீட்டாரைத் தேடிப் பார்க்கலாம்.