திட்டுச் சாயமும் ஒட்டாத நிறமும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரருக்கு விற்க டீ சேர்ட் தைத்துக் கொடுக்கிறேன். பல வருஷம் உடுத்தி வெளுத்த மாதிரி, அங்கங்கே ஏறி இறங்கின நிறம் வேண்டுமாம், கடைக்காரர் கேட்கிறார். சோடா போடுகிற சாயத்தூளில் செய்தேன், ஒரே சீராக வந்துவிட்டது. பிக்மன்ட் சாயம் வாங்கி, கரைத்துத் தோய்த்தேன். ஆசைப்பட்ட மாதிரியே திட்டுத் திட்டாக வந்தது. முதல் கழுவலிலேயே முக்கால்வாசி போய்விட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, அந்தச் சோடாச் சாயத்தின் குணமே அதுதான். தண்ணீரில் கரைந்து, பருத்தி நாருக்குள் போய், அதோடு பிணைந்துகொள்ளும். பிக்மன்ட் கரையவே கரையாது. நீங்கள் கரைத்ததாக நினைத்தது தண்ணீரில் மிதந்த நுண்துகள். பருத்திக்கும் அதற்கும் ஒட்டுறவு கிடையாது, துணிமேல் சும்மா உட்காரும். பிடித்து வைப்பது பைண்டர் என்கிற பசை, அதுவும் சூட்டில் இறுகினால்தான். உங்கள் கடிதத்தில் பைண்டரும் இல்லை, சூடும் இல்லை. பிறகு நிறம் எப்படி நிற்கும்?

பியகம பக்கம் நான் வேலை செய்த வாஷிங் பிளாண்டில், தைத்து முடித்த உடுப்பை அப்படியே மெஷினில் போடுவார்கள். ஈரத்தில் பருத்திமேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். பிக்மன்ட் துகளிலும் அதேதான், ஒன்றையொன்று தள்ளும். அதனால் முதலில் துணிக்கு நேர்மின்னேற்றம் கொடுக்கிற ஒரு மருந்தை விடுவோம். அது எங்கே கூடப் பிடித்ததோ அங்கே நிறம் கூட ஏறும். சீரான நிறம் கேட்ட ஓடர் என்றால் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்வார் சுப்பர்வைசர். பழைய தோற்றம் கேட்டால் ஒரே ஊற்று! ஊற்றுகிற வேகத்தில்தான் பாதி வித்தை.

வீட்டில் அந்த மருந்து இல்லாமலே செய்யலாம், காய வைப்பதில் விளையாடுங்கள். புதுத் துணியின் கஞ்சி போகச் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசுங்கள், கஞ்சி இருந்தால் நிறம் மேலே நின்று உரிந்து போகும். பேசனில் தண்ணீர், பைண்டர், பிக்மன்ட் மூன்றையும் கலந்து கொள்ளுங்கள். பைண்டரின் அளவு பிக்மன்ட்டைவிடக் கூடத்தான் இருக்க வேண்டும், ஆனால் அள்ளி ஊற்றினால் துணி அட்டை மாதிரி விறைக்கும். தோய்த்துப் பிழிந்து, கசக்கி, பலகைமேல் கசங்கின வாக்கிலேயே வையுங்கள், கொடியில் போடாதீர்கள். மேலே நிற்கும் மடிப்புகள்தான் முதலில் காயும். உள்ளே இருக்கும் ஈரம் அங்கே ஏறும்போது துகளையும் இழுத்துக்கொண்டு போகும். மடிப்பு கறுக்கும், பள்ளம் வெளிறும். இதற்குக் காற்றும் வெயிலும் வேண்டும். யூலையில் அட்டன் பக்கம் மழையிலும் மிஸ்டிலும் நாங்கள் தவிக்கும்போது உங்கள் ஊவாவில் வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் செய்து அடுக்கி வையுங்கள்.

அடுத்தது சூடு. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பைண்டர் இறுக 150 பாகை அளவில் சில நிமிஷம் வேண்டும். சிலர் அண்டாவில் போட்டு அவிக்கிறார்கள். தண்ணீர் கொதிக்கிற சூடு இதற்குக் காணவே காணாது, அதிலும் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நன்றாகக் காய்ந்த துணிமேல் மெல்லிய பருத்தித் துண்டொன்றை விரித்து, அயனைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, ஆவி விடாமல், ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு நிமிஷம் மெதுவாக அசைத்துக்கொண்டே அழுத்துங்கள். மறுபுறமும் அப்படியே. தடித்த தையலில் இன்னும் கொஞ்ச நேரம். ஜன்னல் திறந்திருக்கட்டும். நிறம் திட்டாக இருக்கலாம், சூடு எங்கும் ஒரே அளவாகப் பட வேண்டும்.

வெளுத்த தோற்றத்துக்கு இதன் பிறகுதான் கை வையுங்கள். கழுத்துப் பட்டி, கை விளிம்பு, பொக்கட் ஓரம், அதாவது உடுத்தினால் தேயும் இடங்களை மட்டும் மெல்லிய மணற்கடதாசியால் தடவுங்கள். நடு நெஞ்சில் தேய்த்தால் அது பொய் என்று பார்த்த உடனே தெரியும். கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். இலேசாக நிறம் வரும், பிக்மன்ட்டில் அது சகஜம். கொட்டினால் இன்னொரு தரம் அயன். “தனியாகக் கழுவவும்” என்று சீட்டு வைத்தே விற்றுவிடுங்கள்.

கேள்வி: சேர்ட் முழுக்க நிறம் பிடித்தது, தையல் நூல் மட்டும் வெள்ளையாக நிற்கிறதே?
– வாசகர், தலவாக்கலை

பதில்: நூல் பொலியெஸ்டர், தம்பி. பருத்தி அளவுக்கு அது சாயத்தண்ணீரை உறிஞ்சாது. பருத்தி நூலில் தைத்தால் சேர்ந்து வரும். எனக்கென்னவோ அந்த வெள்ளைத் தையல்தான் பிடிக்கும், விட்டுவிடுவேன்.

கேள்வி: மிச்சச் சாயத்தண்ணீரை லயத்துக் கானில் ஊற்றலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: கூடாது. உங்கள் கான் கீழ் லயத்துக்காரர் குளிக்கிற பீலிப் பக்கம் போகும். வாளியில் கொஞ்சம் படிகாரம் கரைத்து ஊற்றிக் கலக்கி, ஓர் இரவு வையுங்கள். துகள் திரண்டு அடியில் படியும். பழைய துணியால் வடித்து, வண்டலைக் காயவைத்துக் குப்பையோடு போடுங்கள். வடித்த தண்ணீரையும் மரக்கறிப் பாத்திக்கு ஊற்ற வேண்டாம். அடுத்த துணியின் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.